மைதானம் அளிக்கும் தீர்ப்பு

சென்ற 2025-ம் வருஷம் டிசம்பர் மாதம் 7-ந் தேதியன்று அமெரிக்காவில் 16 பேர் அடங்கிய கமிட்டி ஒன்று கூடி, பேஸ்பால் ஆட்டத்தின் பழைய வீரர்கள் 8 பேரின் பெயர்களைப் பரிசீலனை செய்தது. நியூயார்க் ராஜ்யத்தில் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் அவ்வாட்டத்தின் கீர்த்தி மண்டபம் இருக்கிறது. அங்கே வெண்கலத் தகட்டில் தன் முகம் பொறிக்கப்படுவதே அந்நாட்டு ஆட்டக்காரன் ஒருவன் அடையக்கூடிய பரமபதம். 16 வோட்டில் 12 கிடைத்தால் உட்பிரவேசம் உண்டு. ஜெப் கென்ட் என்பவருக்கு 14 வோட்டுகள் கிடைத்தன. பாரி பாண்ட்ஸுக்கும் ரோஜர் கிளெமென்ஸுக்கும் 5 வோட்டுகூடக் கிடைக்கவில்லை. புதிய விதிப்படி இவ்விருவரின் பெயரும் இனி 2031-ம் வருஷத்துக்கு முன் பிரேரணைக்கு வருவதற்கில்லை.

கிரிக்கெட்டில் பழகிய நம் நேயர்களுக்கு இவர்கள் யார் என்பதைச் சொல்லிவிடுவது அவசியம். பாண்ட்ஸ் மட்டைவீரர். பந்தை வேலிக்கு அப்பால் அடித்து அனுப்பும் ‘ஹோம் ரன்’ என்ற அடியில், 2001-ம் வருஷத்தில் ஒரே பருவத்திற்குள் 73 என்ற எண்ணையும், ஆயுட்காலத்தில் 762 என்ற எண்ணையும் எட்டியவர். இவ்விரண்டையும் இதுவரை எவரும் தாண்டவில்லை. கிளெமென்ஸ் பந்தெறிபவர், தலைசிறந்த எறிபவருக்கு வருஷந்தோறும் அளிக்கப்படும் ஸை யங் பரிசை 7 முறை பெற்றவர். இருவர் மீதும் ஊக்க மருந்து உட்கொண்டார்கள் என்ற பழி சுமந்திருக்கிறது. கிளெமென்ஸ் அதை அடியோடு மறுக்கிறார். அவர் பொய்ச் சத்தியம் செய்தார் என்று சர்க்கார் தொடர்ந்த வழக்கில் 2012-ல் ஜூரிகள் அவரை விடுதலை செய்தார்கள். பாண்ட்ஸோ, தமக்குக் கொடுக்கப்பட்ட தைலமும் திரவமும் இன்னவை என்று தாம் அறிந்திருக்கவில்லை என்றே 2003-ல் கிராண்ட் ஜூரியின் முன் சாட்சியம் சொன்னார். நீதி பரிபாலனத்துக்கு இடையூறு செய்தார் என்று 2011-ல் அவருக்கு விரோதமாகப் பிறந்த தீர்ப்பும் 2015-ல் மேல் கோர்ட்டில் ரத்தாயிற்று. சட்டத்தின் கண்ணில் இருவரும் குற்றவாளிகள் அல்லர். கீர்த்தி மண்டபத்தின் வாயில் மட்டும் திறக்கவில்லை.

அந்த 16 பேர் செய்தது நியாயமா அன்றா என்று வாதிப்பது நமது நோக்கமன்று. நமக்கு விந்தையாகத் தோன்றுவது வேறொன்று. இந்த ஊக்க மருந்து விவகாரம் அந்நாட்டில் அம்பலமாகி இருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. இக்காலம் முழுவதும், மைதானத்தில் டிக்கட் வாங்கி உட்காரும் லட்சோபலட்சம் ஜனங்கள் ஒரு நீதி ஸ்தலத்தைப் போலவே நடந்துகொண்டு, ஒருவனைக் கரகோஷத்தால் விடுவித்தும் மற்றொருவனை ஊளையிட்டுத் தண்டித்தும் வந்திருக்கிறார்கள். அந்தத் தீர்ப்புகளை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தால், செய்த காரியம் இன்னது என்பதைவிட, செய்தவன் அணிந்திருந்த சட்டை எந்த ஊருடையது என்பதே அவற்றை நிர்ணயித்தது என்பது புலனாகிறது. ஆட்டத்தை நடத்தும் முதலாளிகள் இதை வெகு சீக்கிரத்தில் கண்டுகொண்டார்கள் என்பதே நம் அபிப்பிராயம்.

கதை 1994-ம் வருஷத்தில் ஆரம்பமாகிறது. அவ்வருஷம் ஆகஸ்டு 12-ந் தேதி ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளத்துக்கு உச்சவரம்பு கட்ட முதலாளிகள் முயன்றதே காரணம். பருவத்தின் பாக்கி ஆட்டங்கள் நின்றன. ‘உலகத் தொடர்’ எனப்படும் இறுதிப் போட்டியே நடைபெறவில்லை. மறுவருஷம் ஆட்டம் மீண்டும் தொடங்கியபோது, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் சராசரியாக வரும் கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோயிற்று. கோடீசுவரர்களான முதலாளிகளும் லட்சாதிபதிகளான ஆட்டக்காரர்களும் பணத்துக்காக அடித்துக்கொண்டதைக் கண்டு ஜனங்கள் மனம் கசந்து வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். ஜனங்கள் வராமல் இருந்ததால் முதலாளிகளுக்கு வலித்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் நடந்தவற்றில் அந்த வலி ஒருமுறையேனும் திரும்பி வரவில்லை.

கூட்டத்தை மீட்டுக் கொடுத்தது 1998-ம் வருஷத்துக் கோடைகாலம். செயின்ட் லூயிஸ் கோஷ்டியின் மார்க் மெக்வயரும் சிகாகோ கோஷ்டியின் ஸாமி ஸோஸாவும், ரோஜர் மாரிஸ் 1961-ல் ஏற்படுத்திய 61 ஹோம் ரன் என்ற எல்லையைத் துரத்தினார்கள். செப்டம்பர் 8-ந் தேதி மெக்வயர் 62-வது அடியை அடித்ததும், வேலியோரத்தில் உட்கார்ந்திருந்த மாரிஸின் புதல்வர்களை ஓடிச்சென்று தழுவிக்கொண்டார். தேசமே கண்ணீர் வடித்தது. பருவ முடிவில் மெக்வயரின் கணக்கு 70, ஸோஸாவுக்கு 66. செயின்ட் லூயிஸில் 70-ம் நம்பர் நெடுஞ்சாலையின் ஒரு பகுதிக்கு மெக்வயரின் பெயரை மிஸௌரி ராஜ்யத்தார் சூட்டினார்கள்.

ஆனால் அந்த ஆகஸ்டு மாதத்திலேயே ஒரு செய்தி வந்திருந்தது. அஸோஸியேட்டட் பிரஸ் நிருபர் ஸ்டீவ் வில்ஸ்டைன் என்பவர், மெக்வயரின் அலமாரியில் ‘ஆண்ட்ரோஸ்டெனிடையோன்’ என்ற மருந்துப் புட்டியைக் கண்டு எழுதினார். ஒலிம்பிக்கிலும் அமெரிக்கக் கால்பந்திலும் விலக்கப்பட்ட வஸ்து அது; பேஸ்பாலில் மட்டும் அன்று அதற்குத் தடையில்லை. அபிமானிகளின் கோபம் யார் மேல் பாய்ந்தது? நிருபர் மேல்! பிறர் அலமாரியை எட்டிப் பார்ப்பது அயோக்கியத்தனம் என்றார்கள். கோஷ்டியின் மானேஜரான டோனி லா ரூஸா, அந்த ஸ்தாபனத்தின் நிருபர்களை உடை மாற்றும் அறைக்குள் விடக்கூடாது என்றார். புட்டிக்குக் கடைகளில் கிராக்கி ஏறியதுதான் மிச்சம். வாலிபர்கள் வாங்கினார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

அதன் பிறகு வெளியான உண்மைகளைச் சுருக்கமாகச் சொல்லி மேலே செல்வோம். 1996-ல் தம் வரிசையின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கென் காமினிட்டி, அவ்வருஷம் தாம் ஸ்டீராய்டு உட்கொண்டதாக 2002-ல் ஒரு பத்திரிகையிடம் ஒப்புக்கொண்டார். 2003-ல், பெயர் வெளியிடுவதில்லை என்ற நிபந்தனையின்மேல் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் சிறுநீர்ப் பரிசோதனை நடந்தது. நூற்றுக்கு ஐவருக்கு மேல் அகப்பட்டார்கள். அதே வருஷம் கலிபோர்னியாவில் ‘பால்கோ’ என்ற மருந்து ஸ்தாபனத்தில் சர்க்கார் சோதனை நடந்தது. 2005-ல் ஹோஸே கான்ஸேகோ என்ற வீரர் தாமும் தம் சகாக்களும் ஊசி போட்டுக்கொண்ட கதையைப் புஸ்தகமாகவே எழுதிவிட்டார். அவ்வருஷம் மார்ச் 17-ந் தேதி அமெரிக்கப் பார்லிமெண்டின் கமிட்டி முன் வீரர்கள் சாட்சி சொன்னார்கள். சென்று போனதைப் பற்றிப் பேச நான் வரவில்லை என்றார் மெக்வயர். ரபேல் பால்மெய்ரோ, விரலை நீட்டி, தாம் ஒருபோதும் ஸ்டீராய்டைத் தொட்டதில்லை என்றார். ஆகஸ்டு 1-ந் தேதி அவர் பரிசோதனையில் அகப்பட்டு 10 நாள் விலக்கப்பட்டார். 2007 டிசம்பர் 13-ந் தேதி, முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிச்சலின் விசாரணை அறிக்கை 409 பக்கங்களில் வெளிவந்தது. அதில் 89 ஆட்டக்காரர்களின் பெயர்கள் இருந்தன. வட அயர்லாந்தின் சமாதானத்துக்கு உழைத்த அதே மிச்சல்தான் இவர்.

இவ்வளவு பரபரப்பும் மைதானத்தின் வாயிலில் என்ன பலனைத் தந்தது? 2004, 2005, 2006, 2007 ஆகிய நான்கு வருஷங்களும், வருஷத்துக்கு வருஷம், அதுவரை இல்லாத ஜனக்கூட்டத்தைக் கண்டன. 2007-ல் டிக்கட் வாங்கியவர்களின் மொத்தத் தொகை 7 கோடியே 95 லட்சம். மிச்சல் விசாரணை நடந்த வருஷமே பேஸ்பாலின் சரித்திரத்தில் அதிக ஜனங்கள் வந்த வருஷமாக இன்றளவும் நிற்கிறது. பத்திரிகைகளில் கண்டனக் கடிதங்கள் குவிந்தன; டிக்கட் கவுண்டரிலும் பணம் குவிந்தது. இரண்டையும் செய்தவர்கள் பெரும்பாலும் ஒரே மனிதர்கள்தான்.

கோபம் இல்லை என்று நாம் சொல்லவில்லை. கோபம் இருந்தது, அது எங்கே இருந்தது என்பதே கேள்வி. ஸான் பிரான்ஸிஸ்கோவில் பாண்ட்ஸ் அடி எடுத்து வைத்தபோதெல்லாம் 40,000 பேர் எழுந்து நின்றார்கள். அந்த ஊரைவிட்டு வெளியே கால் வைத்த கணமே அவருக்கு நரகம். 2006 ஏப்ரல் 3-ந் தேதி ஸான் டியேகோ மைதானத்தில் அவர் மேல் ஒரு பிளாஸ்டிக் சிரிஞ்சு எறியப்பட்டது. அவர் குனிந்து அதைக் கையுறையால் பொறுக்கி அப்புறப்படுத்தினார். மற்ற ஊர்களில் ஜனங்கள் பெரிய நட்சத்திரக் குறிகளை அட்டைகளில் எழுதித் தூக்கிப் பிடித்தார்கள். கணக்குப் புஸ்தகத்தில் ஒரு எண்ணின் பக்கத்தில் அக்குறி நின்றால், இதை அப்படியே நம்பாதே, கீழே விளக்கம் பார் என்று பொருள். மருந்தின் வாசனை கண்டு கொதிப்பவர்கள் அதே மைதானத்தில் தம் சொந்தக் கோஷ்டியின் பெஞ்சைத் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. மிச்சல் அறிக்கையில் பெரிய கோஷ்டிகளில் ஒன்றுக்குக்கூட முழு விடுதலை கிடைக்கவில்லை.

இவ்விடத்தில் நிறபேதத்தைப் பற்றிப் பேசாமல் போவது நேர்மையன்று. பாண்ட்ஸ் கறுப்பர். 2007-ல் அவர் ஹாங்க் ஆரனின் 755 என்ற ஆயுட்கால எண்ணை நெருங்கியபோது நடத்தப்பட்ட ஜனாபிப்பிராய விசாரணையில், கறுப்பு ரசிகர்களில் பெரும்பாலோர் அவர் வெல்ல வேண்டும் என்று விரும்பினார்கள். வெள்ளை ரசிகர்களில் அப்படி விரும்பியவர்கள் சிறுபான்மையே. காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஆரனும் கறுப்பர். அவர் 1973-லும் 1974-லும் வெள்ளை வீரரான பேப் ரூத்தின் 714 என்ற எண்ணைத் தாண்டப் போகிறார் என்றபோது, கொலை செய்துவிடுவோம் என்று அவருக்கு மூட்டை மூட்டையாகக் கடிதங்கள் வந்தன. அவர் எந்த மருந்தைத் தின்றார்? நிறத்தைத் தவிர அவரிடம் அவர்கள் கண்ட குற்றம் யாது? இன்னும் பின்னால் போனால், ரூத் 1927-ல் 60 ஹோம் ரன்கள் அடித்த காலத்தில், கறுப்பு மனிதன் ஒருவன் பெரிய கோஷ்டிகளில் பந்தெறியவே அனுமதி கிடையாது. 1947-ல் ஜாக்கி ராபின்ஸன் வந்த பிறகே அந்தக் கதவு திறந்தது. நாட்டின் சிறந்த எறிபவர்களில் ஒரு பகுதியினரை வெளியே நிறுத்திவிட்டுச் சேர்த்த எண்ணின் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட வேண்டும் என்று எவரும் அட்டை தூக்கியதில்லை.

ஆகவே ‘பரிசுத்தமான ஆட்டம்’ என்ற பேச்சைக் கேட்டு கறுப்பு ரசிகர்கள் உதட்டைப் பிதுக்கினால் அதில் ஆச்சரியமில்லை. எனினும் நிறம் ஒன்றைக் கொண்டே எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கிளெமென்ஸும் மெக்வயரும் வெள்ளையர். அவர்களும் மண்டபத்துக்கு வெளியேதான் நிற்கிறார்கள். மெக்வயர் 2010 ஜனவரியில் கண்ணீருடன் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவ்வருஷமே நெடுஞ்சாலையிலிருந்து அவர் பெயர் எடுக்கப்பட்டு, மார்க் ட்வெயின் என்ற ஆசிரியரின் பெயர் வைக்கப்பட்டது. பலகையில் ‘மார்க்’ மட்டும் அப்படியே தங்கிற்று! ஆனால் மட்டை பயிற்றுவிப்பவராக அதே வருஷம் அவர் செயின்ட் லூயிஸுக்குத் திரும்பியபோது அவ்வூர் ஜனங்கள் கரகோஷம் செய்தே வரவேற்றார்கள்.

2007 ஆகஸ்டு 7-ந் தேதி பாண்ட்ஸ் 756-வது அடியை ஸான் பிரான்ஸிஸ்கோவிலேயே அடித்தார். மைதானத்தின் பெரிய திரையில் ஹாங்க் ஆரன் தோன்றி, கண்ணியமான வார்த்தைகளில் வாழ்த்துக் கூறினார். ஆனால் மூன்று நாள் முன்பு ஸான் டியேகோவில் பாண்ட்ஸ் 755-வதை அடித்தபோது, ஆட்டத்தின் கமிஷனரான மிஸ்டர் பட் ஸீலிக் எழுந்து நின்றவர், கைகளைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கை தட்டினால் ஒரு சாரார் கோபிப்பர், தட்டாவிட்டால் மற்றொரு சாரார் கோபிப்பர் என்ற சங்கடம் அவருக்கு. அந்தக் கைகளைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

756-வது பந்தின் கதை இன்னும் வேடிக்கையானது. மார்க் எக்கோ என்ற உடை வியாபாரி அதை ஏலத்தில் 7,52,467 டாலருக்கு வாங்கி, என்ன செய்யலாம் என்று ஜனங்களின் வோட்டுக்கே விட்டுவிட்டார். நட்சத்திரக் குறி பொறித்துக் கீர்த்தி மண்டபத்துக்கு அனுப்புக என்றவர்கள் நூற்றுக்கு 47. அப்படியே அனுப்புக என்றவர்கள் 34. ராக்கெட்டில் வைத்து ஆகாயத்தில் விட்டுவிடுக என்றவர்கள் 19. குறி பொறிக்கப்பட்ட பந்து 2008-ல் கூப்பர்ஸ்டவுன் சேர்ந்தது. இதை ஜனங்களின் தீர்ப்பு என்று பலர் புகழ்ந்தார்கள். நமக்கோ அந்த 19 பேரே மனத்தில் நிற்கிறார்கள். இந்த விவகாரத்தை யோசிக்கவே அலுத்துப்போய், கண்ணுக்கு எட்டாத இடத்துக்கு அனுப்பிவிட்டால் போதும் என்று நினைத்தவர்கள் அவர்கள்.

மற்றவர்களின் கதைகள் ஒரே அச்சில் வார்த்தவை. லாஸ் ஏஞ்ஜலிஸ் கோஷ்டியின் மானி ராமிரெஸ் 2009 மே மாதம் 50 ஆட்டங்களுக்கு விலக்கப்பட்டார். ஜூலையில் அவர் திரும்பியபோது, அவர் பெயரால் ஒதுக்கப்பட்டிருந்த ஆசனங்களில் அபிமானிகள் ஆரவாரம் செய்தார்கள். மில்வாக்கி கோஷ்டியின் ரையன் பிரான் செய்தது இன்னும் கேவலமானது. 2011-ல் பரிசோதனையில் அகப்பட்டு, மாதிரியைச் சேகரித்தவரின் நடத்தை மீதே பகிரங்கமாகச் சந்தேகத்தைக் கிளப்பி, முறைதவறிய சேகரிப்பு என்ற காரணத்தால் 2012-ல் தண்டனையிலிருந்து தப்பினார். மறு வருஷம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 65 ஆட்டங்கள் விலகினார். மில்வாக்கி முதலாளிகள் மனம் நொந்த ரசிகர்களுக்கு 10 டாலர் கூப்பன் கொடுத்தார்கள். துரோகத்தின் விலையை இவ்வளவு துல்லியமாக நிர்ணயித்த வியாபாரிகள் வேறெங்கும் இருக்கமாட்டார்கள். 2014-ல் பிரான் தம் ஊரில் மட்டையுடன் வந்தபோது கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. சில நாளில் பிலடெல்பியாவுக்குப் போனார், அங்கே ஊளை. அன்று அவர் மூன்று ஹோம் ரன்கள் அடித்தார் என்பது வேறு விஷயம். மியாமி ‘பயோஜெனிஸிஸ்’ விவகாரத்தில் 2014-ம் வருஷப் பருவம் முழுதும் விலக்கப்பட்ட அலெக்ஸ் ராட்ரிகெஸை, அடுத்த வருஷம் நியூயார்க் ஜனங்கள் ஆரவாரத்துடன் ஏற்றுக்கொண்டார்கள். இப்போது அவர் டெலிவிஷனில் ஆட்ட விமர்சகர்.

பால்மெய்ரோவுக்கு மட்டும் இந்த மன்னிப்புக் கிட்டவில்லை. விலக்கு முடிந்து டொராண்டோவில் ஆடியபோது, கூச்சலைப் பொறுக்கமாட்டாமல் அவர் காதில் அடைப்பு வைத்துக்கொண்டார். பொய்யை விரல் நீட்டிச் சொன்னதால்தான் ஜனங்கள் மன்னிக்கவில்லை என்பார்கள். பிரானின் பொய் அதற்குக் குறைந்ததா? எங்களுக்குத் தோன்றும் காரணம் வேறு. பிரானுக்கு அப்போது முப்பது வயது. இன்னும் பல வருஷம் அடிக்கக்கூடியவர். பால்மெய்ரோவுக்கு நாற்பது கடந்துவிட்டது. திரும்பி வந்த பிறகு அவர் மட்டையில் அடியே விழவில்லை.

ரசிகர்கள் தங்கள் கட்சிக்கு நியாயம் இல்லாமல் பேசவில்லை. அந்தக் காலத்தில் எல்லோரும்தானே செய்தார்கள், விதியில் தடை இல்லையே என்கிறார்கள் ஒரு சாரார். தடை இல்லை என்பது முழு உண்மையன்று. 1991-லேயே அன்றைய கமிஷனர் பே வின்சென்ட் ஸ்டீராய்டும் விலக்கப்பட்டது என்று கோஷ்டிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். பரிசோதனைதான் இல்லை. பழைய வீரர்கள் விழிப்பு மாத்திரையான ‘ஆம்பிடமின்’ தின்று ஆடியதும், அது 2006 வரை பரிசோதனையில் சேராததும் உண்மையே. அதைத் தின்றவர்களில் சிலர் மண்டபத்தில் இருக்கிறார்கள் என்ற வாதத்துக்கு எளிதில் பதில் சொல்ல முடியாது. இன்னொரு சாரார் தங்கள் கணக்குப் புஸ்தகத்தைத் தாங்களே திருத்திக்கொண்டார்கள். 2022 அக்டோபர் 4-ந் தேதி நியூயார்க்கின் ஆரன் ஜட்ஜ் 62-வது அடியை அடித்தபோது, இதுவே உண்மையான ரிக்கார்டு என்று ரோஜர் மாரிஸின் புதல்வர் சொன்னார். லட்சக்கணக்கான ஜனங்கள் அதை ஆமோதித்தார்கள். 73, 70, 66 எல்லாம் அச்சில் இருக்கின்றன. அவர்கள் மனத்தில் இல்லை. இந்தப் பிடிவாதத்தில் ஒரு கௌரவம் இருப்பதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் எந்தச் சாராருடைய கோபத்திலும் தென்படாதவர்கள் சிலர் உண்டு. டான் நால்டி என்ற பந்தெறிபவர் மருந்தின் பலத்தால் கீழ்வரிசையிலிருந்து பெரிய கோஷ்டிக்கு ஏறினார். பிற்காலத்தில் மனம் வருந்தி அதை ஒப்புக்கொண்டார். 1994-ல் பிளாரிடாவில் அவருடன் ஒரே கீழ்வரிசைக் கோஷ்டியில் எறிந்தவர்களில், மருந்தைத் தொடாமல் நின்ற மூவரின் கதையை 2012-ல் ஒரு பத்திரிகை தேடிப்பிடித்து எழுதியது. மூவரில் ஒருவர்கூடப் பெரிய கோஷ்டியை எட்டவில்லை. அவர்களுக்காக அட்டை தூக்கியவர் எவருமில்லை. அவர்களுக்கு அபிமானிகள் ஏற்படுமுன்பே ஆட்டம் முடிந்துவிட்டது. கரீபியன் கடலில் டொமினிகன் நாட்டுச் சிறுவர்களின் நிலை இன்னும் பரிதாபம். 16 வயதில் கையெழுத்து வாங்கப்படும் அந்த ஏழைப் பிள்ளைகளுக்கு, ஒரு கையெழுத்தே குடும்பத்தின் தரித்திரம் தீரும் வழி. அங்கே பரிசோதனையில் அகப்பட்டு விலக்கப்பட்ட பையன்களின் பெயர்கள் வருஷந்தோறும் பத்திரிகையில் ஒரு வரியாக வந்து போயின. மருந்தை அவர்கள் கையில் கொடுத்தது யார் என்று கேட்க மைதானத்தில் ஆள் இல்லை. 2005-ல் பார்லிமெண்ட் கமிட்டியின் முன், ஸ்டீராய்டு பழகித் தற்கொலை செய்துகொண்ட இளைஞர்களின் பெற்றோரும் சாட்சி சொன்னார்கள். அன்று மாலைப் பத்திரிகைகளின் தலைப்பில் இருந்தது மெக்வயரின் பெயர்.

முதலாளிகளோ 1998-ம் வருஷத்து டிக்கட் பணத்தில் ஒரு டாலரையும் திருப்பிக் கொடுக்கவில்லை. பரிசோதனையும் தண்டனையும் பார்லிமெண்டின் நெருக்குதலுக்குப் பிறகே கடுமையாயின: 2005-ல் முதல் குற்றத்துக்கு 10 நாள், 2006-ல் 50 ஆட்டங்கள், 2014 முதல் 80 ஆட்டங்கள். தாமதத்துக்கு ஆட்டக்காரர்களின் சங்கமும் பாத்தியப்பட்டதே; பரிசோதனையை அது வெகுகாலம் எதிர்த்து நின்றது. ஆயினும் மண்டபத்தின் வெண்கலத் தகடுகளைப் பார்த்தால், பொறுப்பு எப்படிப் பங்கிடப்பட்டது என்பது விளங்கும். புட்டியைப் பற்றி எழுதிய நிருபர்களை வெளியே தள்ளச் சொன்ன லா ரூஸா 2013-ல் 16-க்கு 16 வோட்டுகளால் உள்ளே சென்றார். கைகளைப் பையில் வைத்து நின்ற மிஸ்டர் ஸீலிக் 2016 டிசம்பரில் 16-க்கு 15 வோட்டுகளால் உள்ளே சென்றார். அவர் தலைமை வகித்த காலத்தில்தான் மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை நடந்தன. பாண்ட்ஸுக்கு ஊளையிட்ட மைதானங்களில் ஸீலிக்குக்காக ஒரு சிரிஞ்சும் பறக்கவில்லை. கமிஷனர்களுக்கு எந்த ஊர்ச் சட்டையும் கிடையாதல்லவா?

2022-ல் பத்திரிகை எழுத்தாளர்களின் கடைசி வோட்டெடுப்பில் பாண்ட்ஸ் நூற்றுக்கு 66 பெற்றார், 75 வேண்டும். அதே வோட்டில், 2003 பரிசோதனைப் பட்டியலில் பெயர் இருந்ததாகச் சொல்லப்பட்ட பாஸ்டன் கோஷ்டியின் டேவிட் ஓர்டிஸ் முதல் வருஷத்திலேயே தேர்வானார். ஓர்டிஸ் தாம் அறிந்து எதையும் உட்கொள்ளவில்லை என்கிறார். அந்தப் பட்டியலே ஐயத்துக்கிடமானது என்று பின்வந்த கமிஷனரும் சொல்லியிருக்கிறார். இது நியாயமான வேற்றுமையாக இருக்கலாம். ஓர்டிஸ் எல்லோரிடமும் சிரித்துப் பழகியவர் என்பதும் பாண்ட்ஸ் நிருபர்களிடம் முகங் கொடுத்துப் பேசாதவர் என்பதும் அந்த வேற்றுமைக்கு உதவவில்லை என்று சத்தியம் செய்ய நாம் தயாரில்லை. 2025-ல் தேர்வான கென்ட், ஒருகாலத்தில் பாண்ட்ஸின் சகாவாக அதே கோஷ்டியில் ஆடி, 2002-ல் ஆட்டத்தின் நடுவே பெஞ்சருகில் அவருடன் கைகலந்தவர்.

2031 டிசம்பரில் இந்தப் பெயர்கள் மறுபடி வருமானால், பாண்ட்ஸுக்கு 67 வயதும் கிளெமென்ஸுக்கு 69 வயதும் ஆகியிருக்கும். அப்போதும் 5 வோட்டு சேராவிட்டால், விதிப்படி அதன்பின் அவர்கள் பெயர் எந்தக் கமிட்டியின் முன்பும் வைக்கப்படமாட்டாது. நட்சத்திரக் குறி பொறித்த பந்து அதற்குள் கூப்பர்ஸ்டவுன் சேர்ந்து 23 வருஷம் ஆகியிருக்கும்.